கும்பகோணம் பக்கம் ரிசார்ட்ல சமையல் வேலைக்கு இன்டர்வியூவும் ட்ரையலும்: எப்படித் தயாராகறது?

மாயூரம்_அடுப்படி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில ஒரு சைவ ஹோட்டல்ல ஆறு வருஷமா சமையல் வேலை. கும்பகோணம் பக்கத்துல ஒரு ரிசார்ட்ல தென்னிந்திய சமையலுக்கு கமி-1 (செஃப்புக்குக் கீழ சமைக்கற ஆள்) எடுக்கறாங்க, அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. முதல்ல எக்ஸிகியூட்டிவ் செஃப் உட்கார வெச்சுப் பேசுவாராம். அப்புறம் ரெண்டு மணி நேரம் ட்ரையல். நாலு பேருக்கு ஒரு சாம்பார், ஒரு பொரியல், ஒரு இனிப்பு, அதோட "உங்க ஊர்ச் சமையல்" ஒண்ணு செய்யணும். கடப்பாவும் (இட்லி, தோசைக்குப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு) அசோகாவும் (பாசிப்பருப்பு இனிப்பு) போடலாம்னு இருக்கேன்.

கேட்டரிங் படிப்பு கிடையாது. நூறு பேருக்கு, இருநூறு பேருக்குன்னா கை தானா ஓடும். நாலு பேருக்குன்னாதான் தயக்கமா இருக்கு. ட்ரையல்ல எங்கே தப்பு வரும், பேச்சுல என்ன கேப்பாங்க, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

துவாக்குடி_கிச்சன் எழுதியது:

தம்பி, உங்க தயக்கம் சரியான இடத்துலதான் இருக்கு. பெரிய அண்டாவுல பழகின கை சின்னச் சட்டியில தடுமாற மூணு காரணம்: ஆவி, உப்பு, அடுப்பு.

அண்டாவுல 30 லிட்டர் சாம்பார் இருபது நிமிஷம் கொதிச்சா, வத்தறது மொத்தத்துல சின்னப் பங்குதான். அகலமான சட்டியில 1 லிட்டர் அதே நேரம் கொதிச்சா 200 மி.லி. சுலபமாப் போயிடும். 1 லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்டு அது 800 மி.லி. ஆனா, 1 சதவீதமா இருந்த உப்பு 1.25 ஆயிடும். நாக்குல அது நல்லாவே தெரியும். அதனால உப்புல மூணுல ரெண்டு பங்கை முதல்ல போடுங்க. மிச்சத்தை இறக்கறதுக்கு முன்னாடி ருசி பார்த்துப் போடுங்க. புளிக்கும் இதே கணக்குதான். நாலு பேர் சாம்பாருக்கு துவரம்பருப்பு 100 கிராம், புளி 20 கிராம், கடைசியில நிக்க வேண்டியது சுமார் 800 மி.லி. அகலச் சட்டியை விட்டுட்டு ஆழமான சின்னப் பாத்திரம் கேட்டு வாங்குங்க.

அடுத்தது உப்போட வகை. உங்க ஹோட்டல்ல கல்லுப்பா இருந்தா, ரிசார்ட்ல பெரும்பாலும் தூள் உப்பு இருக்கும். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம் நிக்கும். கல்லுப்புல நடுவுல இடைவெளி இருக்கறதால அதே கரண்டியில எடை குறைவு. கைப்பழக்கத்துல அள்ளிப் போட்டா கரிச்சிடும். 1 கிராம் துல்லியம் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணைப் பையில போட்டுக்கங்க. அதை வெச்சு வேலை செய்யறதை எந்த செஃப்பும் குறையாப் பார்க்க மாட்டார்.

மூணாவது அடுப்பு. அங்கே ஹை பிரஷர் பர்னர் இருக்கும். மெல்லிசான சட்டியை அதுல வெச்சு எண்ணெய் விட்டா, நீங்க கடுகு டப்பாவைத் திறக்கறதுக்குள்ள புகைஞ்சிடும். தீயைச் சிம் அளவுக்கு இறக்கி, ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்க. அது வெடிச்சா மிச்சத்தைப் போடலாம். கருகின கடுகும் வெந்தயமும் சாம்பார் முழுக்கக் கசப்பை இறக்கிடும், அதுக்கப்புறம் மீட்க வழியே இல்ல. சில கிச்சன்ல இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கும், அதுல அலுமினியச் சட்டி சூடாகாது. முன்கூட்டியே போன்ல கேட்டுடுங்க.

அரிசி இருந்தா அதையும் கேளுங்க. குறுவை அறுவடைக்குப் பின்னாடி வர்ற புது அரிசி தண்ணி குறைவாத்தான் இழுக்கும், சீக்கிரம் குழையும். ஒரு வருஷப் பழைய அரிசி கூடுதலா இழுக்கும், உதிரியா நிக்கும். "இது புதுசா பழசா?"ன்னு ஸ்டோர்ல கேட்டுட்டு தண்ணி வைக்கற ஆளை செஃப் கவனிச்சுப் பார்ப்பார். தெரியலைன்னா ஒரு கைப்பிடி மட்டும் தனியா வேகவெச்சுப் பாருங்க, பத்துப் பதினைந்து நிமிஷத்துல பதில் கிடைச்சிடும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்க. 120-வது நிமிஷம் தட்டு மேசையில. 115-ல தட்டு ஓரத்தைத் துடைச்சு முடிச்சிருக்கணும். பொரியல் கடைசிப் பதினைந்து நிமிஷத்துல, ஏன்னா அது நின்னா நிறம் போயிடும். சாம்பார் 95-க்குள்ள. அசோகா 75-க்குள்ள முடிச்சு மூடி வெச்சாலும் கெடாது. நறுக்கறது, அரைக்கறது எல்லாம் 45-க்குள்ள. முதல் பத்து நிமிஷம் அடுப்பைத் தொடாதீங்க: சாமான் எல்லாம் வந்திருக்கா, மிக்ஸி ஓடுதா, குக்கர் வளையம் சரியா இருக்கா, குப்பைத்தொட்டி எங்கேன்னு பார்த்து வெச்சுக்கங்க. வளையம் பிஞ்ச குக்கர் 60-வது நிமிஷத்துல தெரிய வந்தா பருப்பும் இல்ல, கடப்பாவும் இல்ல.

பீன்ஸ் பொரியலுக்கு 3 மி.மீ. அளவுல ஒரே சீரா நறுக்குங்க. மூடி போட்டு வேகவெச்சா காயிலிருந்து வர்ற புளிப்பு ஆவி உள்ளேயே சுத்தி, பச்சை பாசி நிறமா மாறிடும். திறந்து வெச்சு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வேகவிடுங்க.

குடமுருட்டி எழுதியது:

கடப்பா, அசோகா ரெண்டும் நல்ல தேர்வுங்க. ஆனா ரெண்டும் பார்க்க எளிசு, செய்யும்போது கவனம் தவறினா காலை வாரும்.

கடப்பா, நாலு பேருக்கு: பாசிப்பருப்பு 75 கிராம், உருளைக்கிழங்கு 250 கிராம், பெரிய வெங்காயம் 100 கிராம், தக்காளி சின்னதா ஒண்ணு. அரைக்க: தேங்காய் 60 கிராம், பச்சைமிளகாய் 5 அல்லது 6, சோம்பு ஒரு டீஸ்பூன், கசகசா ஒரு டீஸ்பூன், பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், பூண்டு 4 பல், இஞ்சி ஒரு சின்னத் துண்டு. தாளிக்கப் பட்டை, லவங்கம், பிரிஞ்சி இலை, கறிவேப்பிலை. கசகசாவை வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊறவெச்சாத்தான் மிக்ஸியில மசியும், இல்லைன்னா வாயில மணல் மாதிரி நிக்கும்.

பருப்பை வறுக்காதீங்க. வறுத்தா வெண்பொங்கல் வாசம் ஏறி சோம்பை அமுக்கிடும். பருப்பும் கிழங்கும் தனித்தனியா வேகட்டும். கிழங்குல பாதியைக் கையால உடைச்சு விடுங்க, மீதி துண்டா கிடக்கட்டும். மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி எதுவும் கிட்டவே வரக்கூடாது. கடப்பாவோட நிறம் வெளிர் மஞ்சள், காரம் முழுக்க பச்சைமிளகாய்ல இருந்து வரணும். அரைச்ச விழுது சேர்த்தப்புறம் ஆறேழு நிமிஷம் மெதுவாக் கொதிச்சாப் போதும். பச்சை வாசம் போகணும், தேங்காய் திரியக்கூடாது.

நிறைய பேர் சறுக்கறது பதத்துல. பொட்டுக்கடலையும் பாசிப்பருப்பும் இறக்கின பிறகும் தண்ணியைக் குடிச்சுட்டே இருக்கும். அடுப்புல சரியா இருந்தது கால் மணி நேரத்துல கூட்டு மாதிரி ஆயிடும். கரண்டியை விட்டுத் தூக்கினா கரண்டி முதுகுல மெல்லிசா ஒட்டி, விரலால கோடு போட்டா கோடு உடனே மூடாம நிக்கணும். அதுக்கு ஒரு படி நீர்க்க இருக்கும்போதே இறக்கிடுங்க. பரிமாறறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி வெந்நீர் கையில வெச்சிருங்க, பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க. எலுமிச்சைச்சாறு இறக்கின பிறகுதான், அரை மூடி போதும். கொதிக்கும்போது பிழிஞ்சா வாசம் போய்க் கசப்பு வரும்.

கடப்பாவைத் தொட்டுச் சாப்பிட என்ன தருவாங்கன்னு கேட்டுக்கங்க. ரெண்டு மணி நேரத்துல மாவு புளிக்காது, அதனால அவங்க மாவுலதான் இட்லியோ தோசையோ ஊத்தணும். ஒரு தோசை ஊத்தித் தின்னு பார்த்துட்டு கடப்பாவுக்கு எலுமிச்சை முடிவு பண்ணுங்க. மாவு புளிச்சிருந்தா சாறைக் குறைச்சிடுங்க.

அசோகா: பாசிப்பருப்பு 100 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 150 கிராம், கோதுமை மாவு 40 கிராம், முந்திரி, ஏலக்காய். பருப்பை லேசாச் சூடு ஏற வறுத்து 300 மி.லி. தண்ணியில குக்கர்ல குழைய வேகவெச்சு, சூடா இருக்கும்போதே ஒரு பருப்புகூடத் தெரியாம மசிக்கணும். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, சர்க்கரை சேர்ந்த பிறகு பருப்பு வேகாது. அரைவேக்காடா இருந்தது அப்படியே கல்லு மாதிரி நின்னுடும், அப்புறம் எத்தனை நேரம் கிளறினாலும் பலன் இல்ல. நெய்ல மூணுல ஒரு பங்கு விட்டு மாவை வாசம் வர வறுங்க. இதுல அவசரப்பட்டா பச்சை மாவு வாசம் கடைசி வரைக்கும் போகாது. மசிச்ச பருப்பைச் சேர்த்து ஈரம் குறைய அஞ்சு நிமிஷம் கிளறி, அப்புறம் சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் நீர்த்துடும், பயப்படாதீங்க. மிச்ச நெய்யை மூணு தடவையா விடுங்க. ஓரத்துல நெய் கசிஞ்சு, சட்டியை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கணும். அல்வா மாதிரி இறுகற வரைக்கும் விட்டா ஆறினதும் கட்டியாயிடும். அசோகா கரண்டியிலிருந்து வழுக்கி விழணும்.

நிறத்துக்குக் கேசரிப்பவுடர் போடறது ஊர்ல வழக்கம். ரிசார்ட்ல குங்குமப்பூ கேட்டுப் பாருங்க, ஒரு சிட்டிகையை ரெண்டு டேபிள்ஸ்பூன் சூடான பால்ல ஊறவெச்சா போதும். இல்லைன்னா நிறமே போடாம நெய்யோட நிறத்துலயே குடுங்க.

மாயூரம்_அடுப்படி எழுதியது:

ரொம்ப நன்றிண்ணே. சர்க்கரை விழுந்தா பருப்பு வேகாதுங்கறதை இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. பேச்சுல ஃபுட் காஸ்ட் கேப்பாங்கன்னு சொல்றாங்க. எங்க ஹோட்டல்ல கணக்கெல்லாம் முதலாளிதான். கமி-1 வேலைக்கு அது எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்?

ஸ்டோர்_சிட்டை எழுதியது:

அடிப்படை தெரிஞ்சிருக்கணும். ஒரு தட்டுக்கான சாமான் விலையை விற்பனை விலையால வகுத்து நூறால பெருக்கினா ஃபுட் காஸ்ட் சதவீதம். மூணு இட்லி, கடப்பாவுக்குச் சாமான் 28 ரூபாய், விற்பனை 90 ரூபாய்னா 31 சதவீதம். இதுவரைக்கும் எல்லாரும் சொல்லிடுவாங்க. கழிவு போக மிஞ்சற எடையைச் சேர்த்துச் சொல்றவங்க கம்மி.

வஞ்சிரத்தை உதாரணமா எடுத்துக்கங்க, விலையெல்லாம் கணக்குக்காகச் சொல்றேன். முழு மீன் கிலோ 900. தலை, வால், குடல் போகத் துண்டு 650 கிராம் தேறுதுன்னு வைங்க. அப்போ துண்டு மீனோட உண்மை விலை 900-ஐ 0.65-ஆல வகுக்கணும்: கிலோ 1,385 ரூபாய். 120 கிராம் துண்டு 166. மசாலா, எண்ணெய் 20 சேர்த்தா 186. 30 சதவீதத்துல நிக்கணும்னா 620-க்கு விக்கணும். கழிவைப் பார்க்காம கணக்குப் போட்டவர் 108, 20, ஆக 128-ன்னு எடுத்து 427-க்கு விப்பார். அவர் 30-ன்னு நெனச்சது நிஜத்துல 43-ஐத் தாண்டும். இந்த ஒரு கணக்கைத் தாள்ல போட்டுக் காட்டத் தெரிஞ்சாலே போதும். சைவத்துல கேட்டா வாழைப்பூவைச் சொல்லுங்க. மடலும் நரம்பும் போகப் பாதிகூடத் தேறாது, ஆளோட நேரமும் தின்னும்.

இன்டென்ட் (ஸ்டோருக்குத் தர்ற சாமான் பட்டியல்) எழுதச் சொல்லலாம். ட்ரையலுக்கு முன்னாடியே சாமான் பட்டியல் கேட்டா, "தேங்காய் 2, பருப்பு கொஞ்சம்"னு எழுதாதீங்க. கிராம்ல எழுதுங்க, மேலே பத்து சதவீதம் கூட்டுங்க. அதுக்கு மேல கேட்டா வீணடிக்கற ஆள்னு பேர் வரும். மீந்ததை ஸ்டோர்ல திருப்பிக் குடுத்து எழுதி வாங்குங்க.

பிரெஞ்சு வார்த்தைகள் வந்து விழும். மீஸான் பிளாஸ்னா சமைக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நறுக்கி அளந்து எடுத்து வைக்கற முன்வேலை. ஜூலியன் தீக்குச்சி வெட்டு, சுமார் 3 மி.மீ. தடிமன், 5 செ.மீ. நீளம். புரூன்வாஸ் 3 மி.மீ. சின்னச் சதுரம். தெரியாத வார்த்தை வந்தா "அந்தப் பேர் தெரியாது செஃப், செஞ்சு காட்டினா பிடிச்சுக்குவேன்"னு நேரடியாச் சொல்லுங்க. தெரிஞ்ச மாதிரி தலையாட்டினா அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

"சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு, என்ன பண்ணுவே?" நிச்சயம் வர்ற கேள்வி. உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்கும்னு சொல்லாதீங்க. அது உறிஞ்சற அளவுக்கு உப்புநீரை எடுத்துக்குமே தவிர, மிச்ச சாம்பார் கரிப்பு அப்படியேதான் நிக்கும். உப்பில்லாத வெந்த பருப்பும் தண்ணியும் சேர்த்து அளவைக் கூட்டறது, புளியும் காரமும் அதுக்குத் தக்க ஏத்தறது, அதுதான் வழி.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தம்பி, சுத்தம் பத்திக் கேக்கறதை லேசா எடுத்துக்காதீங்க. ருசியில சுமாரா இருந்தாலும் சொல்லிக் குடுத்துத் திருத்திக்கலாம்னு ஆள் எடுப்பாங்க. கைத்துண்டுல தட்டும் துடைச்சு கத்தியும் துடைக்கறவரை எடுக்க மாட்டாங்க.

எண்கள் சிலது மனசுல இருக்கட்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி வேகமாப் பெருகும். சூடாப் பரிமாறறது 60-க்கு மேல, குளிர்ல வைக்கறது 5-க்குக் கீழ, ஃப்ரீசர் கழித்தல் 18. மறுபடி சூடு பண்ணும்போது நடுப்பகுதி 75-ஐத் தொடணும். மீந்த சாம்பாரை அண்டாவோட வாக்-இன்ல (ஆள் நுழையற குளிர் அறை) தள்ளக்கூடாது, நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுப்பா நிக்கும். ஆழமில்லாத தட்டுகள்ல பிரிச்சு, ஐஸ் தண்ணி மேல வெச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள 21 டிகிரிக்கும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள்ள 5-க்கும் இறக்கணும். பொரிச்ச எண்ணெய்ல மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உண்டாகறது) 25 சதவீதத்தைத் தாண்டினா அதைப் பயன்படுத்தக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி, 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கு. வடைச்சட்டி எண்ணெயை மறுநாளும் ஏத்தற பழக்கம் இருந்தா அதை அங்கே பெருமையாச் சொல்லிடாதீங்க.

வெட்டுப்பலகை நிறம்: பச்சை காய்கறிக்கு, சிவப்பு வேகாத இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு. மஞ்சள், பழுப்பு, வெள்ளை மூணும் ஒவ்வொரு கிச்சன்ல ஒவ்வொரு மாதிரி இருக்கும், சுவத்துல ஒட்டியிருக்கற அட்டையைப் படிச்சுட்டுத் தொடங்குங்க. ருசி பார்க்க ரெண்டு கரண்டி முறை: சமையல் கரண்டியிலிருந்து சின்ன ஸ்பூன்ல ஊத்தி, ஸ்பூனை மட்டும் வாயில வைக்கணும். உள்ளங்கையில விட்டு நக்கறது நம்ம ஊர்ல ரொம்பப் பழக்கம், ட்ரையல்ல அது ஒண்ணே போதும் வெளியே அனுப்ப. இந்த ஒரு வாரம் வேலை செய்யற இடத்துலயே ஸ்பூன்ல ருசி பார்த்துப் பழகிடுங்க.

விருந்தினர் பத்தின கேள்வியும் வரும். நவக்கிரகக் கோயில் சுத்த வர்றவங்க வெங்காயம் பூண்டு இல்லாமக் கேப்பாங்க. ஜெயின் விருந்தினருக்கு உருளைக்கிழங்கும் ஆகாது, அதனால கடப்பாவே குடுக்க முடியாது. வெளிநாட்டுக்காரர் குளூட்டன் ஆகாதுன்னு சொன்னா, "சாம்பார்ல கோதுமை இல்ல"ன்னு அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. கடையில வாங்கற கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கறது சகஜம். டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுத்தான் பதில் சொல்லணும். அசோகாவுல கோதுமை நேரடியாவே இருக்கு, முந்திரியும் இருக்கு, தட்டை வைக்கும்போதே வாயால சொல்லிடுங்க.

சைவ அடுப்படியிலிருந்து வர்றீங்க, மீன் தெரியாதுன்னா மறைக்க வேண்டாம். ஆனா இந்த ஊர்ச் சந்தை தெரியணும். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினத்துல பெரிய மீன் வரத்து சுருங்கி விலை ஏறும். மேற்குக் கரையில தடை ஜூன் 1-லதான் ஆரம்பிக்குது, அதனால மே கடைசி வரைக்கும் அங்கேயிருந்து ஐஸ்ல வரும். ஃபைபர் படகுக்காரங்க கொண்டுவர்ற சின்ன மீன், ஆத்து விரால், கெண்டை இதையெல்லாம் மெனுவுல ஏத்தலாம்னு சொன்னீங்கன்னா, உள்ளூர் ஆளை எடுக்கறதுல என்ன லாபம்னு அவங்களுக்கே புரியும்.

மாயூரம்_அடுப்படி எழுதியது:

அக்கா, உள்ளங்கை விஷயம் நெத்தியடி. இன்னைக்கே மாத்திக்கறேன். கடைசியா சர்டிஃபிகேட்டும் சம்பளமும். அனுபவச் சான்று ஹோட்டல்ல இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல.

ஸ்டோர்_சிட்டை எழுதியது:

லெட்டர்பேட்ல சேர்ந்த தேதி, பார்க்கற வேலை, கையெழுத்து, முத்திரை, நாலு வரி போதும். நீங்களே டைப் அடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா பெரும்பாலும் கையெழுத்து போட்டுடுவாங்க. அதுவும் இல்லைன்னா சம்பளம் ஏறின பேங்க் பாஸ்புக் பக்கம். மருத்துவச் சான்று முக்கியம். உணவைக் கையாள்றவங்களுக்கு வருஷம் ஒருமுறை பரிசோதனை கட்டாயம், டைஃபாய்டு ஊசி போட்ட விவரமும் கேப்பாங்க. வியாழனுக்குள்ள எடுத்துடுங்க. படிப்பு இல்லைங்கற குறைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட ஃபோஸ்டாக் பயிற்சிச் சான்று இருக்கு. அனுபவத்துல கத்துக்கிட்டதைச் சோதிச்சுத் தர்ற ஆர்.பி.எல். சான்றையும் பின்னாடி விசாரிங்க. இந்த இன்டர்வியூவுக்கு அது வராது.

சம்பளம் பேசும்போது அவங்க சொல்றது மொத்தமா, கையில வர்றதான்னு முதல்ல கேளுங்க. பி.எஃப். அடிப்படைச் சம்பளத்துல 12 சதவீதம் பிடிப்பாங்க. மாசச் சம்பளம் 21,000-க்குள்ளன்னா இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடிப்பு. தங்க இடம், சாப்பாடு, யூனிஃபார்ம் சலவை உண்டா, பிரேக் ஷிப்டா நேர் ஷிப்டான்னு கேளுங்க. மயிலாடுதுறையிலிருந்து தினம் போய்வர்ற ஆளுக்கு பிரேக் ஷிப்ட்டுன்னா நடுவுல நாலு மணி நேரம் எங்கே இருப்பீங்கங்கறது பெரிய கேள்வி. தங்க இடம் இல்லாம அதுக்கு ஒத்துக்காதீங்க.

துவாக்குடி_கிச்சன் எழுதியது:

எடுத்துட்டுப் போறது: தீட்டின 8 அங்குலக் கத்தி ஒண்ணு, உறையிலோ கெட்டித் துணியிலோ சுத்தி. தோல் சீவறதுக்குச் சின்னக் கத்தி. ஸ்பூன் ஆறு, துண்டு மூணு, தராசு, சின்ன நோட்டு, பேனா. வழுக்காத மூடின ஷூ, செருப்போட போனா உள்ளே விட மாட்டாங்க. மோதிரம், கையில கட்டின கயிறு, வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க. கோயில் கயிறை அறுக்க மனசில்லைன்னா முழங்கைக்கு மேல ஏத்திக் கட்டிக்கங்க.

குடமுருட்டி எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. இலையில பரிமாறச் சொன்னா நுனி சாப்பிடறவரோட இடதுபக்கம் வரணும். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்னு போடும்போது நமக்கு அது வலதா தெரியும், பதட்டத்துல மாத்திப் போட்டுடுவாங்க. அசோகாவைச் சுடச்சுட வாழையிலையில வெச்சா நெய் ஓடிப் பொரியல் வரைக்கும் போயிடும், சின்னத் தொன்னையில வைங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுல முழுசா ஒருதடவை கடிகாரம் வெச்சுச் செஞ்சு பாருங்க. எந்த இடத்துல நேரம் போச்சுன்னு இங்கேயே எழுதுங்க, புதன்கிழமைக்குள்ள சரிபண்ணிடலாம்.